அலகு எட்டாத இடம்

அக்காவின் தையல் மெசின் இப்போது என் வீட்டில் நிற்கிறது. இழுத்துத் திறக்கிற அதன் லாச்சிக்குள் ஊசி, நூற்கட்டை, உடைந்த சோக்கு எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பச்சை இறகு கிடக்கிறது. இறகு என்று சொன்னால் பொய். நடுத்தண்டுதான் மிச்சம், இரண்டு பக்கமும் மென்று துப்பிய மாதிரி இருக்கும். அக்காவின் கிளி தன் நெஞ்சிலிருந்து தானே பிடுங்கிக் கடித்துப் போட்டது அது. அக்கா அதை எறியவில்லை. நானும் எறியவில்லை.

அத்தான் செத்த பிறகு அக்காவையும் அவள் மகனையும் அந்த மெசின்தான் காப்பாற்றியது. வேலணையில் எங்கள் வீட்டு யன்னலோரம் காலையில் மிதிக்கத் தொடங்கினால் பொழுதுபடும் வரை மிதிப்பாள். கிளிக்கூடு மெசினுக்கு மேலே தொங்கும். மெசின் ஓடினால் கிளி கூடவே கத்தும். நின்றால் தலையைச் சரித்துக் கீழே பார்க்கும், ஏன் நிறுத்தினாய் என்று கேட்பது போல. எனக்கு அந்தச் சத்தம் தலையிடி. இன்றைக்கு அதைக் கேட்க ஒரு காணித்துண்டு கொடுப்பேன்.

பிறகு ஊரில் எல்லோரும் தைத்து விற்கிற சட்டை வாங்கத் தொடங்கினார்கள். அக்கா யாழ்ப்பாணத்தில் ஒரு தையல் கடைக்கு வேலைக்குப் போனாள். காலை பஸ்ஸில் பண்ணைப் பாலம் தாண்டினால் விளக்கு வைக்கிற நேரம்தான் திரும்புவாள். மகன் பள்ளிக்கூடத்தில், நான் தோட்டத்தில். இரண்டு மாதத்தில் கிளியின் நெஞ்சு உரித்த கோழி மாதிரி ஆகிவிட்டது.

நான் புகையிலைத் தோட்டக்காரன். உலகத்து நோய் எல்லாம் எனக்குப் பூச்சிதான். பேன் என்று முடிவுகட்டி வேப்பெண்ணெய் பூசினேன். கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிளகாய்க் கன்றுக்குத் தெளிப்பதற்காகப் புகையிலைக் காம்பு ஊறவைத்திருந்த தண்ணீரில் கிளியை முக்கி எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அது என் கையில் கழுத்துத் தொங்கிக் கிடந்தது. வாயில் நுரை.

அக்கா குசினியிலிருந்து ஓடி வந்து பறித்தாள்.

"கண்டுக்கு அடிக்கிற நஞ்சை உயிருக்கு ஊத்தினனியே? உன்ரை மண்டைக்குள்ளையும் புகையிலைதானோ?"

இளஞ்சூட்டுத் தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவினாள். துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அன்று பின்னேரம் வரை அசையாமல் இருந்தாள். அடுப்பில் சோறு கருகியது. நான் வாசலில் நின்றேன். கிட்டப் போகப் பயம். பொழுது சாயும் நேரம் கிளி கண்ணைத் திறந்தது. அப்போதுதான் அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"இஞ்சை பாரடா. தலையிலை ஒரு இறகும் குறையேல்லை. பேன் எண்டால் தலையை விட்டிட்டே கடிக்கும்?"

"அப்ப என்ன?"

"தலை அலகு எட்டாத இடம். இது தானே பிடுங்குது. ஞாயிற்றுக்கிழமை கூட்டினால் கூட்டுக்குக் கீழை ஒரு இறகும் கிடக்கிறேல்லை. நான் வீட்டிலை நிக்கிற நாளிலை பிடுங்கிறேல்லை."

"வேலையை விடன்."

"விட்டால் நீ சோறு போடுவியே?"

என்னால் ஏலாது. அது அவளுக்கும் தெரியும்.

"மத்தியான வெயிலுக்கை தோட்டத்திலை நிக்க ஏலாதுதானே? வந்து மெசினை மிதி."

"துணி?"

"துணி வேண்டாம். மிதி."

மிதித்தேன். மீசை வைத்த ஆம்பிளை, ஒவ்வொரு மத்தியானமும் வெறும் மெசினை ஓட்டினேன். பக்கத்து வீட்டு அண்ணை வேலியால் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, கலியாணச் சட்டையோ தைக்கிறீர்?"

"உங்களுக்குக் கோவணம், அண்ணை."

அதற்குப் பிறகு அவர் எட்டிப் பார்க்கவில்லை. கிளி முதலில் என்னை நம்பவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் கத்தத் தொடங்கியது. நெஞ்சில் இறகு முள்முள்ளாக முளைத்தது. ஒரு செட்டைக்கு அடியில் மட்டும் கடைசிவரை முளைக்கவில்லை. கிழக்கிளியாகித்தான் செத்தது.

அக்காவை மகன் கனடாவுக்குக் கூப்பிட்டு ஆறு வருடம். போகமாட்டேன் என்றவளை, இஞ்சை என்ன கிடக்கு, போ என்று அனுப்பியவன் நான்தான். விடிந்தால் அங்கே எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். பத்தாவது மாடியில் அவள் தனிய. போன மாதம் போனில் முகம் பார்த்துக் கதைக்கும்போது அவள் இடது கையைக் கண்டேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சுரண்டிச் சுரண்டிச் சிவந்திருந்தது. கதைத்துக்கொண்டே மற்றக் கையால் சுரண்டினாள்.

"என்னக்கா கை?"

"குளிருக்கு. மகன் கிறீம் வாங்கித் தந்தவன்."

கிறீம். எனக்கு வேப்பெண்ணெய் மணத்தது. மருமகனைத் திட்ட வாய் வந்தது. என்னை விட்டு அவனைத் திட்டி என்ன செய்வது? போனை மெசின்மேல் சாத்தி வைத்துவிட்டு மிதித்தேன். லாச்சிக்குள் ஊசியும் நூற்கட்டையும் குலுங்கின.

"துணி போடேல்லையேடா?" என்றாள்.

"இல்லை. நீ இரு."

அவள் கை நின்றது. எண்ணெய் போடாத மெசின், எனக்கும் முழங்கால் நோவு. கொஞ்சம் நிறுத்தினேன்.

அக்கா தலையைச் சரித்துக் கீழே பார்த்தாள். நான் திரும்பவும் மிதித்தேன்.