வழிவிடுகிற கண்ணாடிக்காரர்

புறா போகட்டும் என்று காத்திருக்கிறார் கண்ணாடிக்காரர். தெரு நடுவில் எதையோ கொத்திக்கொண்டிருக்கும் அதற்குப் போகிற உத்தேசமே இல்லை. பின்னால் ஒரு பால் வண்டி ஹாரன் அடிக்கிறது. அவர் கண்ணாடியில் பார்த்து, இரண்டு கையையும் தூக்கி மன்னிப்புக் கேட்கிறார். ஸ்டியரிங் தனியாக நிற்கிறது, கிளட்சிலிருந்து கால் நழுவுகிறது, வண்டி ஒரு குதி குதித்து அணைந்துபோகிறது. புறா அப்போதுதான் பறக்கிறது. பக்கத்து சீட்டில் மனைவி கண்ணை மூடிக்கொள்கிறாள்.

"பறந்துடுச்சு பாத்தியா," என்கிறார் அவர், தானே வழியனுப்பி வைத்தவர்போல.

கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வருகிறவர்களை உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா? இல்ல, இதுவா? அவசரமே இல்ல, நிதானமா சொல்லுங்க" என்று கேட்பதுதான் அவர் பிழைப்பு. சுவரில் மாட்டியிருக்கும் அத்தனை ஃபிரேமையும் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று கிளம்புகிறவருக்கும் எழுந்து வந்து கதவைத் திறந்துவிடுவார். அந்தப் பொறுமைக்காகவே சுற்றி வந்து அவர் கடைக்குப் போகிறவர்கள் உண்டு. கடைக்குள் அது புண்ணியம். சாலையில் அதற்குப் பெயர் போக்குவரத்து நெரிசல்.

ஐம்பது தாண்டும்வரை அவர் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. தேவைப்படவில்லை. கல்யாணத்தின்போது அவளிடம் லைசென்ஸ் இருந்தது, இவரிடம் ஒரு குடை இருந்தது. அந்த ஏற்பாடு அப்படியே நிலைத்துவிட்டது. காலையில் அவள் அவரைக் கடையில் இறக்கிவிட்டுத் தன் சுற்றுக்குக் கிளம்புவாள். அவள் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்து படுத்தவர்களை அவரவர் வீட்டுக்கே போய் எழுப்பி உட்காரவைத்து, நிற்கவைத்து, நடக்கவைப்பது அவள் வேலை.

அவள் வாசல் கேட்டில் வண்டியை உரசியது ஒரு நாள். எதிர்வரும் விளக்கெல்லாம் பூப்பூவாகத் தெரிகிறது என்று சொன்னது இன்னொரு நாள். அன்று மாலை வாடிக்கையாளர்கள் போனபின் அவளைத் தன் நாற்காலியில் உட்காரவைத்தார். இதுவா அதுவா என்று வழக்கம்போல ஆரம்பித்தவர் பாதியில் பேச்சை நிறுத்திவிட்டார். வலது கண்ணில் புரை முற்றியிருந்தது.

"இனிமே நீ வண்டி எடுக்கக் கூடாது," என்றார்.

கூடாது என்கிற சொல் அவர் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதே இல்லை. அதிர்ச்சி கண்ணைப் பற்றியா, அந்தச் சொல்லைப் பற்றியா என்று அவளுக்கே தெரியவில்லை. கண் டாக்டரும் அதையேதான் சொன்னார். சர்க்கரை கட்டுக்குள் வந்தபிறகுதான் அறுவைச் சிகிச்சை, அதற்கு மாதக்கணக்காகலாம் என்றார். வெளியே வந்ததும் அவள் சாவியை இவர் கையில் வைத்து, அப்படியானால் நீங்கள் ஓட்டுங்கள் என்றாள்.

எழுத்துத் தேர்வில் ஒரு கேள்விகூடத் தப்பவில்லை. யாருக்கு முன்னுரிமை என்று கேட்ட இடத்திலெல்லாம் மற்றவருக்கு என்று போட்டார், எல்லாம் சரியாகவே இருந்தது. தொந்தரவு அங்கேதான் தொடங்கியது. ஓட்டுநர் பள்ளியில் சொல்லிக்கொடுத்தவர் சில வாரங்களில் அவரைக் கொண்டுவந்து வாசலிலேயே ஒப்படைத்துவிட்டார். "சார் தங்கமான மனுஷர்மா. ஆனா எனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கு."

பிறகு அவளே பக்கத்தில் உட்கார்ந்தாள். ஓட்டத்தான் இரண்டு கண் வேண்டும், திட்டுவதற்கு ஒன்று போதும் என்பது அவள் கட்சி. கிளட்சை முழுசாக அமுக்குங்கள் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியது. அவர் ஒவ்வொரு முறையும் சரி என்பார், வண்டி ஒவ்வொரு முறையும் அணையும். ரவுண்டானா வந்தால் இன்னும் மோசம். சாலை மொத்தமும் துடைத்துவிட்டதுபோல் ஆகும்வரை அவர் நிற்பார்.

"வண்டி எதுவும் வரல. போங்க."

"உனக்கு அந்தப் பக்கம் தெரியாதே."

அவள் கண்ணை அளந்து பார்த்தவரே அவர்தான். கை கால் விழுந்தவர்களை நடக்கவைத்தவளால், காலிரண்டும் கல்லுமாதிரி இருக்கிற மனுஷனை ஒரு ரவுண்டானாவைத் தாண்டவைக்க முடியவில்லை.

முதல் ஓட்டுநர் தேர்வில், சாலை ஓரமாக நின்று போனில் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்காக வண்டியை நிறுத்தினார். அவள் கடக்கப் போவதில்லை என்று கையசைத்தாள். பரவாயில்லை, போங்கள் என்று இவர் கையசைத்தார். அவள் மறுபடி அசைத்தாள். தேர்வு அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டார். இரண்டாம் தேர்வில் பின்பக்கமாக எடுத்து அழகாகவே நிறுத்தினார். அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து தபால் நிலையம் எங்கே என்று கேட்டார். இவர் கண்ணாடியை இறக்கி விளக்கினார். அவருக்குப் புரியவில்லை என்று தோன்றியதும் கதவைத் திறந்து இறங்கி, முனைவரை நடந்து காட்டிவிட்டு வந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரி உள்ளே இருந்தார்.

வீட்டுக்கு வந்து, "பாவம், வெளியூர்க்காரர்," என்றார்.

அவள் அன்று சத்தம் போடவில்லை. மதியம் ஒரு போன் வந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒரு தச்சர், வலது பக்கம் முழுக்க விழுந்தவர். ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்து நிற்கிற அளவுக்குத் தேறியிருந்தார். அவர் வீடு பஸ் போகாத இடம். அவள் யார் யாரையோ கெஞ்சி அவர்கள் வண்டியில் போய்வந்துகொண்டிருந்தாள், கடைசியில் அதுவும் நின்றுபோனது. இப்போது அப்பா எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறார், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார் என்று மகள் சொன்னாள். வேறு ஆள் அனுப்பினாலும் அவர் கையைக் கொடுப்பதில்லையாம்.

சாப்பிட்டு முடித்துத் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு அவள் பேசினாள்.

"நீங்க நல்லவர்னு ஊருக்கே தெரியும். ரோட்டுக்குத் தெரிய வேண்டாம். முன்னாடி ஒருத்தருக்கு வழி விட்டா, பின்னாடி ஒருத்தர் நின்னுட்டே இருக்கார். அவர் மூஞ்சி உங்களுக்குத் தெரியல, அவ்வளவுதான். அந்தத் தச்சரும் அந்த வரிசையிலதான் நிக்கிறார். இல்ல, நிக்கக்கூட இல்ல, படுத்துட்டார்."

அவர் எழுந்துபோய் இரண்டு தட்டையும் கழுவி வைத்தார். மறுநாள் விடிந்து அவள் வெளியே வந்தபோது, பெல்ட் போட்டுக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து சாலையில் நிற்காமல் போக ஆரம்பித்தார். போனார் என்றால், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனார். ரவுண்டானாவுக்குள் நுழையும்போது, "மன்னிக்கணும், கொஞ்சம் அவசரம்," என்பார். லாரிக்காரருக்கு, "தப்பா எடுத்துக்காதீங்க." கண்ணாடி ஏற்றியிருக்கிறது, யாருக்கும் கேட்காது, அவளுக்கு மட்டும்தான் கேட்டது. ஒரு பயணம் முழுக்க இதைக் கேட்டுக்கொண்டு வருவதற்குப் புறாவே தேவலாம் என்று அவளுக்குத் தோன்றிய நாள்கள் உண்டு. ஆனால் வண்டி நகர்ந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டாள்.

மூன்றாம் தேர்வுக்கு வந்தவர் ஒரு பெண் அதிகாரி. உள்ளே ஏறி உட்கார்ந்தவர் காகிதத்தைப் பார்க்கவில்லை, கண்ணாடிக்காரரின் காலைப் பார்த்தார்.

"ஏன் சார் இப்படி மடங்கி உட்கார்ந்திருக்கீங்க? முட்டி ஸ்டியரிங்ல இடிக்குதே. சீட்டைப் பின்னால தள்ளலாமே."

கண்ணாடிக்காரர் வாசல் நிலையைத் தொடுகிற உயரம். மனைவி அவர் தோளுக்கும் எட்டமாட்டாள். ஜன்னலருகே நின்றிருந்தவளுக்கு அவர் சொன்ன பதில் தெளிவாகக் கேட்டது.

"அது என் வீட்டுக்காரம்மா அளவு மேடம். ஆபரேஷன் ஆனதும் அவங்கதான் ஓட்டணும். நான் கலைச்சு வெக்கக் கூடாது பாருங்க."

"அப்ப அவங்களையே டெஸ்டுக்கு அனுப்புங்க. தள்ளுங்க சார்."

தள்ளினார். அவள் நடைபாதையில் நின்றபடியே தலையில் அடித்துக்கொண்டாள். இத்தனை மாதமும் அவர் கிளட்சை முழுசாக அமுக்காததற்குக் காரணம், கால் நீட்ட இடமில்லாததுதான். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் அவள் கவனிக்கவில்லை. அவள் பார்வையெல்லாம் சாலையில் இருந்தது. போதாததற்கு அவர் இருந்தது அவளுடைய புரை விழுந்த கண்ணின் பக்கம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? வாய் எதற்கு இருக்கிறது, லாரிக்காரனிடம் மன்னிப்புக் கேட்கவா?

வண்டி ஒரு தடவைகூட அணையாமல் போய்த் திரும்பி வந்தது. அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, வழியெல்லாம் யாரிடம் பேசிக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்டாராம். பொதுவாக எல்லாரிடமும்தான் என்றாராம் இவர்.

நேரே தச்சர் வீட்டுக்கு விடச் சொன்னாள். அவர் சுவர்ப்பக்கம்தான் திரும்பிப் படுத்திருந்தார். அவள் குரல் கேட்டும் அசையவில்லை. இவ்வளவு நாள் எங்கே போயிருந்தாய் என்கிற கோபம் அந்த முதுகிலேயே தெரிந்தது. அவளும் சமாதானம் சொல்லவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து, உயிரில்லாத அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்து, தோளிலிருந்து விரல்வரை நீவத் தொடங்கினாள். வெகுநேரம் கழித்து அவர் மெல்லத் திரும்பினார். அன்று எழுந்து நிற்கவில்லை, உட்கார்ந்தார். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

திரும்பி வருகிற வழியில் சீட்டைப் பற்றி நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று முதல் வாக்கியத்தைக்கூட யோசித்து வைத்திருந்தாள். அவரோ வழிநெடுக மன்னிப்புக் கேட்பதிலேயே மும்முரமாக இருந்தார். வீடு வந்துவிட்டது. கேட்டில் உரசாமல் வண்டியை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார். அவள் வாயைத் திறந்தாள்.

அவர் எஞ்சினை அணைத்துவிட்டுக் குனிந்து, சீட்டுக்கடியில் இருந்த கம்பியை இழுத்தார். சீட்டை முன்னால் நகர்த்தினார். ஸ்டியரிங்குக்கும் தன் நெஞ்சுக்கும் நடுவில் விரலை விரித்து, கடையில் கண்ணுக்கும் கண்ணுக்கும் இடைவெளி பார்ப்பதுபோல உன்னிப்பாக அளந்தார். போதவில்லை. முட்டி இரண்டும் முகவாய்க்கு வரும்படி இன்னும் ஒரு பல் முன்னால் தள்ளி, கம்பியைப் பூட்டினார்.