அளவு தப்பாத் தைக்கிற வேலை

காருக்கு முகமூடி தைக்கிற பொழப்புல பெரிய தொல்லை என்னன்னா, அப்படி ஒரு பொழப்பு இருக்குன்னே யாரும் நம்ப மாட்டாங்க. தையல் வேலைன்னு சொன்னா உடனே ஒரு ஜாக்கெட் துணியை நீட்டி, "ஞாயித்துக்கெழமைக்குள்ள குடுத்துடு"ன்னுவாங்க. மிஷின் மிதிச்சு மிதிச்சு இடுப்பு விட்டுப்போன என் கூட்டாளிங்களே, உங்களுக்கு இது புரியும்.

தொண்ணூறுகளோட ஆரம்பம். அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனி, ரெண்டே பேர் உக்கார்ற மாதிரி, தரையோட தரையா ஒரு ரேஸ் காரு செஞ்சுகினு இருந்தாங்க. விக்கிறதுக்கு முன்னாடி ரோட்டுல ஓட்டிப் பாக்கணும். ஆனா அதோட உருவம் வெளியாளுக்குத் தெரியக் கூடாது. அதனால கண்ணாடி, லைட்டு, சக்கரம் போக மீதி பூரா கறுப்பு ரெக்ஸின் போர்த்தி அனுப்புவாங்க. அந்த உறையைத் தைச்சவ நான், பட்டாபிராம் லோகநாயகி. ஆறு மாசம் டெம்பரரி. வாயைத் திறக்காம இருந்தா பர்மனென்ட், ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா நானும் வெளிய. ஊட்டுக்காரர் போனப்புறம் ஒத்த ஆளா ரெண்டு பொண்ணுங்களைப் படிக்க வெச்சவ நான். அந்த வேலை எனக்கு எவ்ளோ பெருசுன்னு தனியா சொல்லணுமா?

ரயில் பொட்டி ஆராய்ச்சி

காலையில லேடீஸ் பொட்டியில ஏறினா அந்தக் காரைப் பத்திதான் பேச்சு. ராணுவ டேங்கு செய்யிற ஆவடி பக்கத்து ஜனத்துக்கு எதைப் பாத்தாலும் டேங்கு நெனப்புதான், அதனால பாதிப் பேர் அதை டேங்கோட குட்டின்னாங்க. ஒரு அம்மா, மந்திரிக்கு குண்டு துளைக்காத வண்டின்னு அடிச்சுச் சொன்னாங்க. மருந்து கம்பெனியில பேக்கிங் பண்ற மல்லிகா எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டா. அவ மச்சான் திருமழிசையில நேராப் பாத்தாராம், உள்ள டிரைவரே இல்லையாம்!

அதோட இடுப்பு எவ்ளோ, முதுகு எவ்ளோன்னு மனப்பாடமா தெரிஞ்சவ நான், ஜன்னலைப் பாத்துகினு உக்காந்திருந்தேன். நாக்கு துறுதுறுன்னுது. ஒரே ஒரு நாள் தாங்க முடியாம, "டிரைவர் இல்லாம எப்படிடி வண்டி ஓடும்?"ன்னு கேட்டுட்டேன். மல்லிகா என்னை மேலயும் கீழயும் பாத்தா.

"யக்கா, ஜாக்கெட்ட பத்திப் பேசு, கேட்டுக்கிறேன். காரைப் பத்தி உனுக்கு இன்னா தெரியும்?"

குமணன்சாவடியில கோணூசி

முதல் உறையை நான் கொஞ்சம் தொளதொளன்னுதான் தைச்சிருந்தேன். வேகம் எடுத்தா காத்து உள்ள பூந்து படபடன்னு அடிச்சுக்கும். ஒரு நாள் குமணன்சாவடி கூட்டு ரோடு கிட்ட வரும்போது சர்ருன்னு ஒரு முழம் கிழிஞ்சிடுச்சு. ஓட்டிப் போன டேவிட்டு பக்கத்துக் கடையிலேர்ந்து கம்பெனிக்கு போன் பண்ணான். என்னை ஜீப்புல ஏத்தி அனுப்பினாங்க.

போய்ச் சேர்றதுக்குள்ள திருவிழாக் கூட்டம். பஸ்ஸுல இருந்தவங்க பாதி ஒடம்பு வெளிய தொங்கிகினு பாக்கறாங்க. மத்தியான வெயில்ல, கொதிக்கிற ரோட்டுல சம்மணம் போட்டு உக்காந்து, சாக்குத் தைக்கிற கோணூசியால தைச்சேன். ஒரு லுங்கி கட்டின ஆளு நைசா வந்து, கிழிசலுக்குள்ள கையை விட்டுத் தூக்கிப் பாக்கப் போனான். அதே ஊசியால ஒரு குத்து குத்தினேன். தெரியாம பட்டுடுச்சுன்னு அப்போ டேவிட்டு சமாதானம் சொன்னான். அதெல்லாம் இல்ல, நல்லாப் பாத்துதான் குத்தினேன். அந்த ஆளு கையை உதறிகினு துள்ளினான்.

"இன்னாம்மா, உள்ள காரு கீதா, பாம்பு கீதா?"

கையெழுத்துக் கேட்ட கடுதாசி

மறுபடி கிழியக் கூடாதுன்னு மறுநாளே உறையைப் பிடிச்சுத் தைச்சேன். தொழில் தெரிஞ்ச கை சும்மா இருக்குமா? எங்கெல்லாம் தொங்குச்சோ அங்கெல்லாம் இறுக்கினேன். பின் சக்கரத்துக்கிட்ட மிஞ்சின ரெக்ஸினை வெட்ட மனசு வராம ரெண்டு மடிப்பா மடிச்சு அடிச்சேன். அப்புறம் எவ்ளோ வேகத்துலயும் உறை அசையலை. டேவிட்டு எனக்கு சல்யூட் அடிச்சான். ரெண்டு வாரம் தலை நிமிந்து நடந்தேன்.

மூணாவது வாரம் ஏதோ ஒரு கார் பத்திரிகையில எங்க காரோட படத்தை உறை இல்லாம வரைஞ்சு போட்டுட்டாங்க. மேனேஜர் பத்து பேர் முன்னாடி என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். "காரோட அளவு எழுதின நோட்டு உன்கிட்ட மட்டும்தானே இருக்கு? யாருக்குக் குடுத்தே?"ன்னார். இங்கிலீஷ்ல டைப் அடிச்ச கடுதாசியை நீட்டி, கையெழுத்துப் போடுன்னார். தமிழ்ல சொல்லுங்க சார்னேன். குரலை இறக்கி, "நான்தான் அளவைக் குடுத்தேன், வேலையை விட்டுப் போறேன்"னு படிச்சார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிஞ்சுது. பேனாவைத் தொடலை.

"அந்தப் படத்தைக் காட்டுங்க"ன்னு வாங்கிப் பாத்தேன். பின் சக்கரத்துக்கிட்ட ரெண்டு கோடு. இது என்னன்னு கேட்டேன். சின்ன இஞ்சினியர் கீழ எழுதியிருந்ததைப் படிச்சு, இஞ்சினுக்குக் காத்து போற துவாரம்னு போட்டிருக்குன்னார். நம்ம காருல அது இருக்கான்னேன். இல்லைன்னார். "வாங்க"ன்னு எல்லாரையும் ஷெட்டுக்குக் கூட்டிப் போய், என் ரெண்டு மடிப்பையும் தொட்டுக் காட்டினேன். நோட்டைப் பாத்தவனா இருந்தா இதை வரைஞ்சிருப்பானா? ரோட்டுல நின்னு உறையைப் பாத்துதான் வரைஞ்சிருக்கான். இஞ்சினியர் காரைச் சுத்தி வந்து தலையில கை வெச்சுக்கிட்டார்.

"சார், அக்கா யாருக்கும் அளவு குடுக்கலை. இவ்ளோ கச்சிதமாத் தைச்சா, போத்தியும் போத்தாத மாதிரிதான்!"

மூணு நாள் மிதிக்கலை

மேனேஜர், "சரி போ, உருவம் தெரியாத மாதிரி வேற தை"ன்னார். அவ்ளோதான். நான் நகரலை. பத்து பேர் முன்னாடி கேட்டீங்க, அதே பத்து பேர் முன்னாடி தப்புன்னு சொல்லுங்கன்னேன். "உனக்கு வேலை வேணுமா, மரியாதை வேணுமா?"ன்னார். ரெண்டும் வேணும் சார், ஒண்ணைக் குடுத்து ஒண்ணை மாத்திக்க நான் வரலைன்னேன். சொல்லிட்டேனே தவிர, ஊட்டுக்குப் போய் பொண்ணுங்க மூஞ்சியைப் பாத்ததும் டப்பாவுல இருந்த சில்லறையை எடுத்து எண்ணிப் பாத்தேன். இருந்தாலும் மூணு நாள் மிஷின் முன்னாடி போய் உக்காந்தேன், மிதிக்கலை. புது உறை இல்லாம காரும் ஷெட்டை விட்டு நகரலை. நாலாவது நாள் மேனேஜர் வந்து, தொண்டையைக் கனைச்சு, "நான் பேசினது தப்பு"ன்னு எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொன்னார். கையில என் பர்மனென்ட் ஆர்டர்.

அப்புறம்தான் மிதிச்சேன். உள்ள ஸ்பாஞ்சை வெச்சு, இல்லாத எடத்துல திமிலு, ஒடுங்கின எடத்துல தொப்பை, தையல் எல்லாம் கோணல். சொந்தக் கையால அசிங்கம் பண்றது எவ்ளோ கஷ்டம் தெரியுமா? முடிச்சுப் போத்தினதும் இஞ்சினியர் ரெண்டு சுத்து சுத்தி வந்தார்.

"அக்கா, கண்ணால பாக்கச் சகிக்கலை. பிரமாதம்!"

இவ்ளோ மூடி மறைச்ச அந்தக் காரு கடைசி வரைக்கும் விலைக்கே வராம போச்சு, வேலையை விட்டுப் போறேன்னு எழுதிக் குடுக்கச் சொன்ன மேனேஜரும் அடுத்த வருஷமே போயிட்டாரு, நான் மட்டும் ரெண்டு பொண்ணுங்களுக்கும் கல்யாணம் முடிச்சு, பேரன் ஸ்கூலுக்குப் போற வரைக்கும் அதே மிஷின்ல உக்காந்து சம்பளம் வாங்கினேன்.