தொடர்கதையின் பின்பக்கம்

உத்திரமேரூரில் அம்மா வீட்டு வாசலில், காலை வெயிலில், அக்காவும் நானும் ஒரே நாவலை அவரவர் டேப்லெட்டில் திறந்து ஒப்பிட்டுப் பார்த்தோம். அவள் ஆப்பில் பக்கம் அழகாகப் புரள்கிறது. என்னுடையதில் உருட்டித் தொலைக்க வேண்டும். வெயிலிலும் அவளுக்கு எழுத்து அச்சடித்த மாதிரி நிற்கிறது. எனக்கோ என் மூஞ்சிதான் தெரிகிறது.

"உன்னுது கண்ணாடியாட்டம் கீதுடி," என்றாள். எனக்கு வயிறு எரிந்தது.

சின்ன வயசிலும் இப்படித்தான். வாரப் பத்திரிகை மை வாசனையோடு வந்ததும் அவள்தான் முதலில் எடுப்பாள். பைண்டு பண்ணுவதற்காகத் தொடர்கதையைப் பிளேடால் வெட்டி எடுத்துக்கொள்வாள். பின்பக்கத்து ஜோக்குகளும் அதோடு போய்விடும். கசங்கிவிடும் என்று என்னைத் தொடவிட மாட்டாள். அவள் தாளைத் தூக்கிப் பிடித்துப் படிக்கும்போது, எதிரே உட்கார்ந்து பின்பக்கத்தைப் படிப்பேன்.

"இன்னாடி, எதிர்ல குந்திகினு கீற?"

"ஜோக்கு கீதுக்கா. திருப்பாத, இரு."

வேண்டுமென்றே திருப்புவாள்.

இப்போது அக்கா நாவலில் மூழ்கிவிட்டாள். என்னையறியாமல் நான் அவளுக்கு எதிரே போய் உட்கார்ந்திருந்தேன். டேப்லெட்டின் பின்பக்கம் வெறும் கறுப்பு. பாவி, இந்த முறை அதைக்கூட எனக்கு மிச்சம் வைக்கவில்லை.