விழாத பொட்டலம்

உயர்தரப் பரீட்சையில் பௌதிகவியல் வினாத்தாளுக்கு முதல்நாள் மாலை பையை அடுக்கும்போதுதான், அடையாள அட்டையை நாவலப்பிட்டியில் அக்கா வீட்டு அலுமாரியிலேயே வைத்துவிட்டு வந்தது தெரிந்தது. நான் தங்கியிருந்ததோ கம்பளைக்கு முந்திய ஒரு சின்ன ஸ்டேஷன் பக்கம், தோழி வீட்டில். திரும்பிப் போய் எடுக்கக் கடைசி பஸ்ஸும் போயிருந்தது. அட்டை இல்லாமல் கண்டியில் மண்டபத்துக்குள் விடமாட்டார்கள். இரண்டு வருடப் படிப்பும் போச்சு என்று அழுதேன்.

அழுது முடித்ததும் மூளை வேலை செய்தது. அக்காவுக்குக் கண்டியில் புடவைக்கடை வேலை. தினமும் காலை எக்ஸ்பிரஸில் போவாள். அது எங்கள் ஸ்டேஷனில் நிற்காது. நிற்காவிட்டால் என்ன, பௌதிகவியலில் எறியப் பாடத்தைக் கரைத்துக் குடித்தவள் அல்லவா நான்! ஓடும் ரயிலில் இருந்து கைவிட்ட பொருள் நேர்கீழே விழாது. ரயிலின் வேகத்தோடு முன்னால் போய்க்கொண்டே விழும். ஜன்னல் உயரத்திலிருந்து தரைக்கு அரைச் செக்கனுக்குச் சற்று மேல். கணக்குப் போட்டேன், ஏழு மீற்றர் வந்தது. அக்கா வீட்டுப் பக்கத்துக் கடைக்குப் போன் பண்ணி அவளைக் கூப்பிடச் சொன்னேன்.

"அக்கா, அட்டையக் கல்லு வச்சுக் கட்டு. ஸ்டேஷன் பேர்ப்பலகை நேரா வந்ததும் கைய விட்டுரு. வீசாத, சும்மா விடு."

"பலகைகிட்ட நிப்பியா?"

"இல்ல, ஏழு மீற்றர் தள்ளி."

"ஏன்டி?"

விளக்கினேன். ரயில் இன்னும் வேகமாகப் போனால் இன்னும் தள்ளி விழும். மகா வேகத்தில் போனால் விழ விழப் பூமியும் வளைந்து விலகும். பொட்டலம் தரையைத் தொடாமல் உலகத்தையே சுற்றும், செய்மதி சுற்றுவதும் அப்படித்தான் என்று வானம்வரை போய்விட்டேன். அக்கா "ம்" கொட்டினாள்.

காலையில் ஏழு மீற்றரை அளந்து நின்றேன். ரயில் வந்தது. ஜன்னலில் அக்கா. பலகை வந்தது, போனது, எதுவும் விழவில்லை. அவள் கையை ஆட்டி ஏதோ கத்திக்கொண்டே போய்விட்டாள். வந்த கோபத்தில் ஒரு கல்லை எடுத்து வெறும் தண்டவாளத்தில் எறிந்தேன். அது மட்டும் அழகான பரவளைவில் போய் விழுந்தது.

பஸ்ஸில் கண்டிவரை அழுகை. பரீட்சை மண்டப வாசலில் அக்கா நின்றாள், ஒரு கையில் அட்டை, மறு கையில் எனக்குச் சாப்பிட மீன் வைத்த மாலு பணிஸ்.

"ஏன்க்கா போடல?"

"ரயிலு கண்டிக்குத்தானே வருது? நீயும் கண்டிக்குத்தானே வர்ற? அப்புறம் எதுக்கு நடுவழியில போடணும்? அதத்தான் கத்துனேன்."

அப்பாடா! அவள் தோளில் சாய்ந்தேன். அழுத கண்ணோடு சிரிப்பு வந்தது. இவ்வளவு கணக்குப் போட்ட தலையில் இது ஏறவில்லையே!

மணி அடித்ததும் மண்டப ஜன்னலால் பார்த்தேன். கடைக்கு நேரமாகியும் அக்கா வாசலில்தான் நின்றாள், நான் வேறெதையும் மறந்திருப்பேனோ என்று.