முன்சக்கரங்களின் நடுக்கம்

இலங்கை மலையகத்து நோர்வூட் பஜாரில் எனக்கொரு சின்னக் கடை. போன் ரிப்பேர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது பஜாருக்கே தெரியும். பழுதான சாமானிடம் மட்டும் பொறுமையாக இருப்பேன், அது எதிர்த்துப் பேசாது. அந்தத் தைரியத்தில்தான், அண்ணன் தன் ஜீப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது, "வச்சிட்டுப் போங்க, அரை மணித்தியாலத்துல முடிச்சிருவேன்" என்றேன்.

ரிமோட்டில் ஓடுகிற, பாறை ஏறுகிற குட்டி ஜீப் அது. பொம்மை என்று சொன்னால் அவர் முகம் சுண்டிவிடும். ஹட்டனில் யாரோ விற்றதை வாங்கியிருந்தார். ஆறு நாளும் ஹட்டனுக்கும் பொகவந்தலாவைக்கும் இடையே பஸ் ஓட்டுகிற மனுசன், ஞாயிற்றுக்கிழமை தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குக் கீழே ஆற்றுப் பாறைகளில் அதை ஏற்றிக்கொண்டு நிற்பார். "ஓட்டுனது பத்தலையாக்கும்" என்று அண்ணி முணுமுணுப்பார்.

"திருப்பிப் புடிச்சா முன்சக்கரம் ரெண்டும் நடுங்குது பாப்பா. கோடு மாறிப் பாறையில இருந்து வழுக்கிருது."

நாற்பதை நெருங்கும் என்னை இன்னும் பாப்பா என்று கூப்பிடுவது அவர் ஒருவர்தான்.

சக்கரத்தைத் திருப்புகிற சின்ன மோட்டாரை சர்வோ என்பார்கள். அதைக் கழற்றிப் பல்சக்கரங்களைப் பார்த்தேன், ஒரு பல்கூட உடையவில்லை. அதைச் சக்கரத்தோடு இணைக்கிற தண்டின் ஆணியை இறுக்கிக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு கழிந்ததும் வந்தார். நடுங்குகிறதாம். பெட்டரி சோர்ந்தால் சர்வோ இப்படித் துடிக்கும், ஆகவே பெட்டரியை மாற்றினேன். நடுங்குகிறதாம். கொழும்பிலிருந்து புது சர்வோவே வரவழைத்துப் போட்டேன். ரிமோட்டைத் திறந்து உள்ளிருந்த அழுக்கை ஸ்பிரிட்டால் துடைத்தேன். என் மேசையில் அந்த ஜீப் சாதுவாக நிற்கும். அவரோடு போனால் அதே கதை. என் மானத்தை வாங்கவே வந்து சேர்ந்ததா என்று அதைத் திட்டித் தீர்த்தேன்.

கடைசியில் பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிறு நானும் ஆற்றுக்குப் போனேன்.

அவர் ஓட்டினார். பாறையின் பாதியில் முன்சக்கரங்கள் வெடவெடவென்று ஆடின, ஜீப் சரிந்து தண்ணீரில் விழுந்தது. "இங்க குடுங்க" என்று ரிமோட்டைப் பிடுங்கினேன். அதே பாறை, அதே இடம். என் கையில் சக்கரம் அசையாமல் நின்றது. "பாத்தீங்களா? ஓட்டத் தெரியாம என்னைய இத்தன வாரமா அலைய விட்டீங்க" என்று கெக்கலித்தபடி ரிமோட்டை அவரிடமே நீட்டினேன். வாங்கினார். சக்கரங்கள் மறுபடி ஆடின.

அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். ரிமோட்டின் சின்ன ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த வலது பெருவிரலும் சுட்டுவிரலும், தேயிலைக் கொழுந்தைக் கசக்கிப் பார்ப்பதுபோல, தாமாக உருண்டுகொண்டிருந்தன. ஜீப்பின் ஒவ்வோர் ஆணியையும் பார்த்தவள், வாராவாரம் அதை நீட்டிய கையைப் பார்க்கவில்லை. அவர் கையைச் சட்டென்று பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

"வண்டியில ஒண்ணுமில்லண்ணே."

"தெரியும்."

"தெரிஞ்சுமா கொண்டாந்தீங்க?"

"நீ ஏதாச்சும் கோளாறு கண்டுபுடிச்சிர மாட்டியான்னுதான்."

பஸ் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தால் நடுக்கம் நின்றுவிடுகிறது, இந்த ரிமோட்டைத்தான் மெதுவாகப் பிடிக்கவேண்டியிருக்கிறது என்றார். சர்வோதான் போய்விட்டது, இன்னொன்று போடுகிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். அவர் அதை நம்பியிருப்பார், நம்பத்தான் வந்திருந்தார். ஆனால் மறுநாள் காலை அந்த மலைப்பாதை வளைவுகளில் அவர் பஸ்ஸில் ஸ்கூல் பிள்ளைகள் தொங்கிக்கொண்டு வருவார்கள்.

"நாளைக்கு பஸ் எடுக்காதீங்கண்ணே" என்றேன்.

இருபது வருசத்துக்கு மேல் ஓட்டியவர். ஜீப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் தன் சட்டையாலேயே துடைத்தார். அன்று சாயந்திரம் பஸ் முதலாளி வீட்டுக்கு நடந்தே போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டார். நுவரெலியாவில் டொக்டர் நடுக்குவாதம் என்று மாத்திரை எழுதினார், இனி பஸ் கூடாது என்றும் சொன்னார். என் வாயால் அவர் பிழைப்பு போனது என்ற எண்ணம் இன்றைக்கும் என்னை அரிக்கிறது. சரியானதைத்தான் செய்தாய் என்கிறார் அண்ணி. செய்தேன்தான், அதற்காக வலிக்காமல் இருக்குமா?

இப்போது பகலில் என் கடையில் வந்து உட்கார்ந்திருக்கிறார். அவருடைய பஸ்ஸை வேறொருவர் ஓட்டிப் போகும்போது, சத்தத்தை வைத்தே, "இந்த ஏத்தத்துக்கு ரெண்டாவது கியர் போடணும்" என்பார். தலையைத் தூக்கிப் பார்க்கமாட்டார்.

போன மாதம் அந்த ரிமோட்டை மறுபடி நோண்டினேன். விரலின் சின்ன அசைவுகளை வண்டிக்கு அனுப்பாமல் விட அதில் ஒரு செட்டிங் இருந்தது. கூட்டி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை இழுக்காத குறையாக அவரை ஆற்றுக்குக் கூட்டிப்போனேன். அவர் விரல்கள் உருண்டபடியே இருந்தன, சக்கரங்கள் நடுங்கவில்லை. ஜீப் அந்தப் பாறையில் நேராக ஏறி உச்சியில் நின்றது.

அதைப் பார்த்தபடியே கேட்டார்.

"பஸ்ஸுக்கு இப்பிடி ஒண்ணு இருக்குதா பாப்பா?"

"இல்லண்ணே" என்றேன்.

தலையாட்டினார். பிறகு ஜீப்பைக் கீழே இறக்கி, அதே பாறையில் மறுபடி ஏற்றத் தொடங்கினார்.