துடைக்காத சுவர்

ஆஸ்பத்திரியில் அவளைப் பளிச்சக்கா என்பார்கள். பதினெட்டு வருடமாக வார்டுகளைத் துடைப்பவள். அவள் துடைத்த தரையில் டாக்டர்களே ஓரமாகத்தான் நடப்பார்கள்.

வீட்டுவசதி அலுவலகம் அவளுக்குக் கொடுத்தது நான்காம் மாடியில் ஒற்றை அறை. மேலே எங்கோ குழாய் ஒழுகிச் சுவரெல்லாம் ஓதம். தரையிலிருந்து ஜன்னல்வரை கறுப்புப் பூஞ்சை. மகளுக்கு ஒன்பது வயது. இரண்டு வருடமாக இழுப்பு. வேறு வீடு கேட்டு மனுப் போட்டாள். ஆய்வாளர் நேரில் பார்த்து எழுதினால்தான் மாற்றுவார்கள். என்றைக்கு வருவார் என்று சொல்லமாட்டார்கள். வரும்போது பூட்டியிருந்தால் மனு ரத்து.

வேலையை மாலைக்கு மாற்றிக்கொண்டு ஏழு மாதம் பகலெல்லாம் கதவைப் பார்த்து உட்கார்ந்தாள். குளிக்கும்போது குழாயை மூடி மூடிக் காதுகொடுத்தாள். யாரும் தட்டாத கதவைத் திறந்து பார்ப்பது பழக்கமாயிற்று. ஒருநாள் மகள் விடாமல் இருமினாள்.

"சத்தம் போடாதடி! கதவு தட்டுனா எப்படிக் கேக்கும்?"

அறைந்துவிட்டாள். அறைந்த கையை அன்று முழுவதும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் கீழ்வீட்டுக்காரி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "ஆய்வாளர் முதல் மாடில இருக்காரு!"

அரை மணி நேரம் இருந்தது. வெளியாள் ஒருவர் வீட்டுக்குள் வரப்போகிறார். கை தானாகப் பிரஷ்ஷை எடுத்தது. அவர் வந்தபோது சுவர் வெளுத்துப் பிளீச்சிங் பவுடர் மணத்தது. 'ஓதம் இல்லை' என்று எழுதிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்பவள் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "கோர்ட்டுக்குப் போனாலும் நீ கூண்டைத் துடைச்சிட்டுத்தான்க்கா சாட்சி சொல்லுவே."

பளிச்சக்கா சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, அது அழுகையாக மாறும்வரை சிரித்தாள்.

மறுபடி மனு. பிரஷ்ஷைக் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டாள். மகளின் மூச்சு விசிலடிப்பதைக் கேட்டுக்கொண்டே ஐந்து மாதம் சுவரைத் தொடாமல் இருந்தாள். தூக்கம் போயிற்று. சும்மா இருக்கும்போதும் வலது கை தொடையைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. பூஞ்சை கூரையைத் தொட்டது.

அதே ஆய்வாளர் வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு எழுதினார். அவள் எட்டிப் படித்தாள்: 'குடியிருப்பவர் வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வதில்லை.'

கதவைத் தாழிட்டு, தாழ்ப்பாளைப் பிடித்தபடி கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"என்னம்மா பண்றீங்க?"

"எம் பொண்ணு பக்கத்துல உக்காருங்க சார்."

"எனக்கு இன்னும் ஆறு வீடு இருக்கு."

"எங்களுக்கு இது ஒண்ணுதான் இருக்கு. உக்காருங்க. அவ மூச்சைக் கேட்டுட்டு எழுதுங்க."

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். சிறுமி அவரைப் பார்த்ததும் இருமலை அடக்கப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது, முடியவில்லை. சற்று நேரத்தில் அவருக்கே தொண்டை கரகரத்தது. குனிந்து இருமினார்.

"அதை எழுதுங்க. முதல்ல எழுதுனதை அடிச்சிட்டு எழுதுங்க."

அவர் பேனாவைத் திறக்கவில்லை. தாழ்ப்பாளிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை.