நாலு நட்சத்திர வீட்டின் பின்கதவு

வீடுகளுக்கு நட்சத்திரம் போடுவது என் தொழில். ஃபிரிட்ஜில் ஒட்டியிருப்பார்களே, அதே மாதிரிதான். எந்தச் சுவர் வெயிலை உள்ளே விடுகிறது, எந்த இடுக்கு வழியாக ஏசிக் குளிர் வெளியே போகிறது என்று அளந்து பார்ப்பேன். கரண்டை வீணாக்காத வீட்டுக்கு நட்சத்திரம் கூடும். நான் அளந்தால் தப்பாது என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

காயல்பட்டினத்து வீடு ஒன்றுக்கு ஒரு சித்திரை மாதம் போனேன். வளைகுடாவில் வேலை பார்க்கும் மருமகன் போனில் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கவாதத்தில் படுத்துவிட்ட மாமியாரின் அறைக்கு ஏசி வைக்க வேண்டும், அதற்கு முன்னால் வீட்டை அளந்து சொல்லுங்கள் என்றார். நல்ல மனிதர்.

அறை, பெண்கள் புழங்கும் பின்கட்டில் இருந்தது. கட்டிலைச் சுற்றித் திரை கட்டிய பிறகு மாமனார் என்னை ஐந்து நிமிடம் உள்ளே கூட்டிப்போனார். மேற்குச் சுவரில் ஒரு பழைய மரக்கதவு, தாழிட்டுக் கிடந்தது. வெப்பம் அளக்கும் கருவியைக் காட்டினேன், கதவு அனலாய்க் கொதித்தது. ‘பயன்படாத கதவு. செங்கல் வைத்து அடைக்கவும்’ என்று எழுதிக் கொடுத்தேன். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மருமகன் அறிக்கையைப் படித்துவிட்டு அப்படியே செய்யச் சொல்லிவிட்டார். பணம் அனுப்புகிறவர் சொன்னதை வீட்டில் யாரும் மறுக்கவில்லை.

மறு வருடம் திரும்ப அளக்கப் போனேன். அறை ஜில்லென்று இருந்தது. இரண்டு நட்சத்திர வீடு நாலுக்கு ஏறியிருந்தது. சந்தோஷமாகக் குறித்துக்கொண்டிருந்தபோது திரைக்குள்ளிருந்து டொக், டொக் என்று சத்தம்.

“என்ன சத்தம்?” என்றேன்.

“உம்மா சொவரத் தட்டுதாவ” என்றது மகளின் குரல். “அங்கிட்டு எங்க பொம்பளையாளுவ நடக்குற முடுக்கு. நாள் பூரா யாராவது அந்தக் கதவு வழியா வந்து உம்மா பக்கத்துல இருப்பாவ. இப்ப தெருவச் சுத்தி, ஆம்பளைய இருக்குற முன்வாசல் வழியால்லா வரணும்? யாரும் வாரதில்ல.”

“கதவு சாத்தித்தானே கெடந்துச்சு?”

“நீங்க வந்தீயன்னுதான் சாத்துனோம்.”

அட பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் ஒரு மனுஷியின் நாளையே கெடுத்திருந்தேன். அன்னிய ஆண் வரும் நேரத்தில் மட்டும் சாத்துகிற கதவு, என் கண்ணுக்கு வேறு எப்படித் தெரியும்? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

அங்கேயே நின்று மருமகனுக்கு போன் போட்டேன். தப்பு என்னுடையது, சுவரை இடித்துக் கதவைத் திரும்ப வையுங்கள் என்றேன்.

“ஸ்டார் கொறையுமே? மாமிக்கு வேர்க்குமே?” என்றார் அவர். பாவம், அக்கறையில்தான் கேட்டார்.

மாமனார் போனை வாங்கினார். அதுவரை அவர் அதிகம் பேசி நான் கேட்டதில்லை.

“மாப்ள, அவ வேர்வையில சாக மாட்டா. ஆளில்லாமத்தான் சாவா. நாளைக்கே கொத்தனார வரச் சொல்லுதேன்.”

நாலை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினேன். திரைக்குள் மறுபடியும் தட்டும் சத்தம். கொஞ்ச நேரம் கழித்து, சுவருக்கு அந்தப் பக்கம் முடுக்கிலிருந்து யாரோ ஒரு பெண் பதிலுக்குத் தட்டினாள்.